பேரிக்கரடி

அந்தப் படத்தில் இருப்பது பேரிக்காயா, கரடியா என்று கணவனுக்கும் மனைவிக்கும் மூன்று நாளாகத் தகராறு.

படம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. பச்சைக் கிரேயானால் வரைந்த ஒரு உருவம். கீழே குண்டு, மேலே ஒடுக்கம். தலைக்கு இரண்டு பக்கமும் வட்டமாக இரண்டு காது. உச்சியில் ஒரு சின்னக் கோடு. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி. பக்கத்தில் நீல நிறத்தில் ஒரே ஒரு துளி.

“பேரிக்காய்தான். காம்பைப் பாரு, எவ்வளவு தெளிவா போட்டிருக்கு புள்ள” என்றார் அவர்.

“பேரிக்காய்க்கு எங்கங்க காது முளைச்சிருக்கு? இது கரடி.”

“பச்சைக் கரடியை நீ எந்தக் காட்டுல பாத்த?”

“காது வச்ச பேரிக்காயை நீங்க எந்தக் கடையில பாத்தீங்க?”

அவர் குழாய் வேலை செய்பவர். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளின் குழாய்கள் அவர் கை பட்டவை. அவள் பதினாலாம் நம்பர் பேருந்தின் ஓட்டுநர். அவள் நெடுநெடுவென்று உயரம், ஒல்லி. அவர் குள்ளம், நல்ல உருண்டை. இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வந்தால் ‘பத்து’ என்று எண்ணால் எழுதின மாதிரி இருக்கிறது என்று டிப்போவில் கிண்டல் செய்வார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை வேண்டும் என்று ஆஸ்பத்திரிகளுக்கு நடந்த நடையெல்லாம் போதும் என்று ஒருநாள் இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைத்தார்கள். தத்தெடுக்க எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். போன மாதம்தான் குழந்தைகள் இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

ஏழு வயதுப் பெண் குழந்தை. வயதுக்குப் பொருந்தாத சிறிய உருவம் என்பதால் அங்கே எல்லாரும் அவளைச் சுண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்று முறை வந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு பிள்ளை சம்மதித்தால் வீட்டுக்கு அழைத்துப் போகலாம், கடைசியில் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்று இல்லத்தின் பொறுப்பாளர் விவரம் சொன்னார். “புதுசா யாரைப் பாத்தாலும் வாயே திறக்க மாட்டா. அதுக்காக மனசை விட்டுடாதீங்க” என்றும் சொன்னார்.

முதல் சந்திப்புக்கு மனைவி ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தாள். என்ன கேட்பது, எந்தக் குரலில் கேட்பது, எப்போது சிரிப்பது எல்லாம் தயார். இல்லத்து வரவேற்பறையில் சுண்டு ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து தாளில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். இவள் கேட்ட எதற்கும் பதில் இல்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறையின் மறுகோடியில் கை கழுவும் தொட்டிக் குழாய் சொட்டுச் சொட்டென்று ஒழுகிக்கொண்டிருந்தது. அவருக்கு அது பொறுக்குமா? பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, “மேடம், ஒரே நிமிஷம், தப்பா நினைக்காதீங்க” என்று எழுந்துபோய்த் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுவிட்டார். ஒரு நிமிஷம் அரைமணி நேரம் ஆனது. சுண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வந்ததையெல்லாம் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது சுண்டு எழுந்து வந்து தாளை இவள் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடிப்போனாள்.

அந்தத் தாள்தான் இப்போது ஃபிரிட்ஜ் கதவில்.

“சரி, ரெண்டு பேருக்கும் வேண்டாம்” என்றார் அவர் மூன்றாம் நாள் காலையில், ரொட்டியை மென்றுகொண்டே. “பாதி பேரிக்காய், பாதி கரடி. பேரிக்கரடின்னு வச்சுக்குவோம்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு ஒரு யோசனையும் வந்தது. அடுத்த சந்திப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பிள்ளை ஆசையாக வரைந்ததையே பொம்மையாகக் கொண்டுபோய்க் கொடுத்தால்?

அன்று மாலையே பொம்மைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். “கரடி இருக்கும்மா. பழக்கூடை செட்டு இருக்கு. ரெண்டும் கல்யாணம் பண்ணிப் பெத்த மாதிரி கேட்டா நான் எங்க போவேன்?” என்றார்.

மறுநாள் டிப்போவில் டீ குடிக்கும்போது இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேருந்துகளுக்கு டயர் மாட்டுகிறவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தூண் மாதிரிக் கை. சிகரெட்டை விட்டதிலிருந்து கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்று கொக்கி ஊசியும் நூலுமாகத் திரிவார். வேலையில்லாத நேரத்தில் தொப்பி, பை, பேருந்துக் கண்ணாடியில் தொங்கவிடும் மீன் என்று எதையாவது பின்னிக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் எல்லாரும் கேலி செய்தார்கள். இப்போது டிப்போவில் பாதிப் பேர் தலையில் அவர் பின்னின தொப்பிதான்.

“கடையில ஏன்க்கா தேடுறீங்க? நீங்களே பின்னுங்க. இது பேரிக்காய் உருவம்தானே, அடியிலேருந்து ஏத்திக்கிட்டே போய் மேல குறைச்சா முடிஞ்சுது” என்றார் படத்தைப் பார்த்துவிட்டு.

“தம்பி, எனக்குப் பொத்தான்கூட ஒழுங்காத் தைக்க வராது.”

“ஐம்பது பேரை ஏத்திக்கிட்டு அந்தச் சந்துல பின்னாடியே வண்டி எடுக்கறீங்க. இது வராதா?”

அந்த வார்த்தையில் விழுந்தாள். மதிய இடைவேளையில் பச்சை உல்லன் நூல் ஒரு உருண்டையும் ஒரு கொக்கி ஊசியும் வாங்கி வந்தாள். டயர்காரர் நூலால் ஒரு சின்ன வளையம் போட்டு, அதற்குள் ஆறு கண்ணி எடுக்கக் காட்டிக் கொடுத்தார். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு எடுத்தால் பன்னிரண்டு. அதற்கடுத்து பதினெட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூடும். சுற்று எங்கே தொடங்கியது என்று தெரிய, அந்த இடத்தில் ஒரு காகிதக் கிளிப்பை மாட்டச் சொன்னார்.

முதல் நாள் அவள் போட்ட கண்ணிக்குள் ஊசி நுழையவே இல்லை.

“அக்கா, இது ஸ்டீயரிங் இல்ல. யாரும் பிடுங்கிட்டுப் போயிட மாட்டாங்க. கையைத் தளர்த்துங்க.”

இரண்டாம் நாள் தளர்த்தினாள். கண்ணிக்கு நடுவே விரலை விட்டு ஆட்டலாம் போல வந்தது. பிரித்தாள். மூன்றாம் நாள் எண்ணிக்கை தவறி அடிப்பாகம் அப்பளம் மாதிரி நெளிந்தது. அதையும் பிரித்தாள். நான்காம் நாள் முப்பத்தாறு கண்ணி வரைக்கும் வந்து, பத்துச் சுற்று நேராக ஏற்றி, பிறகு குறைத்துக்கொண்டே போய் மேலே அழகாக மூடிவிட்டாள். பெருமை தாங்கவில்லை. டயர் கழற்றும் இடத்துக்கே ஓடிப்போய்க் காட்டினாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். அமுக்கினார். அது கைக்குள் தட்டையாக மடங்கியது.

“நல்லா வந்திருக்குக்கா. பஞ்சு எங்க?”

“பஞ்சா?”

“மூடுறதுக்கு முன்னாடி உள்ள பஞ்சு அடைக்கணும்ல? காத்து போன டியூப் மாதிரி இருக்கு.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மேலாளர் அறைக் கதவு திறந்தது. அவளுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே மேல்பாதியைப் பிரித்தாள்.

அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. கடைசி நிறுத்தத்தில் பேருந்து எட்டு நிமிஷம் நிற்கும். அந்த எட்டு நிமிஷத்தில் ஒன்றரைச் சுற்று. பதினாலாம் நம்பரில் தினமும் வருகிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகும் பெண் தினமும் ஏறும்போதே, “கழுத்து வந்துடுச்சா?” என்று கேட்பாள். பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் ஒருவர் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, “முப்பதுக்கு அப்புறம் இருபத்துநாலு, ஞாபகம் இருக்கட்டும்மா” என்பார், தூரத்துப் பாலத்தையே பார்த்தபடி.

ஒருநாள் காலை நேரக் கூட்டம். சந்தை வளைவில் வண்டி திரும்பும்போது இருக்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்த பை சரிந்தது. பச்சை நூலுருண்டை கீழே விழுந்து, பேருந்தின் நடுவழியில் உருண்டோடியது. அவள் கண்ணாடியில் பார்த்தாள். வண்டி ஓட்டும்போது என்ன செய்ய முடியும்? அடுத்த நிறுத்தம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். நிறுத்தினதும் பார்த்தால், நூல் ஒருவர் செருப்பில் சிக்கி, ஒரு கைத்தடியைச் சுற்றி, காய்கறிப் பைகளுக்கு அடியில் நுழைந்து, கடைசி இருக்கைவரை போயிருந்தது.

“யாரும் நகராதீங்க! காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க!” என்று கத்தினார் கணக்கு வாத்தியார். அவ்வளவு பெரிய குரல் அவருக்கு இருக்கிறது என்று அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

பேருந்து முழுக்க ஒரே நேரத்தில் காலைத் தூக்கியது. கடைசி இருக்கையில் இருந்த கோட்டுப் போட்ட ஆள் உருண்டையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். அவர் முடிந்த மட்டும் சுற்றி முன்னால் இருந்தவரிடம் கொடுத்தார், அவர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம். கைத்தடிக்காரர் தடியிலிருந்து நூலைக் கழற்றிக் கொடுத்தார். இப்படிக் கைமாறிக் கைமாறி உருண்டை முன்னால் வந்து சேர்ந்தபோது, போனதைவிட ஒழுங்காக இருந்தது. வண்டி நான்கு நிமிஷம் தாமதம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

வீட்டில் அவர் தன் பங்குக்குப் பஞ்சு அடைத்தார். “அடியில நல்லா அமுக்கி அடைக்கணும். அடி கனமா இருந்தாத்தான் சாயாம நிக்கும்” என்று தொழில் ரகசியம் போலச் சொன்னார். அவள் காது இரண்டும் தனியாகப் பின்னித் தைத்தாள். குட்டையான கை, குட்டையான கால், கறுப்புப் பொத்தானில் கண். உச்சியில் பழுப்பு நூலில் ஒரு காம்பு. அந்த நீலத் துளி என்னவென்று கடைசிவரை பிடிபடவில்லை. பனித்துளியாக இருக்கும் என்று அவள் சொன்னாள். இலையாக இருக்கும், பச்சை தீர்ந்துபோய் நீலத்தில் போட்டிருக்கும் என்று அவர் சொன்னார். அதற்காக இன்னொரு தகராறு வேண்டாம் என்று காம்புக்குப் பக்கத்தில் நீலமாகவே ஒரு சின்ன இலை வைத்துவிட்டாள்.

மேசைமேல் வைத்தால் பேரிக்கரடி கும்மென்று உட்கார்ந்தது. கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது. ஆனாலும் பார்த்தவுடன் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றியது.

இரண்டாவது சந்திப்பு. அதே அறை, அதே மூலை. குழாய் இப்போது ஒழுகவில்லை. சுண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை இவள் ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தரையிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து பொம்மையை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவே வைத்தாள்.

“நீ வரைஞ்சு குடுத்தியே, அதைப் பாத்துத்தான் பண்ணினேன். சரியா வந்திருக்கா பாரு.”

சுண்டு பொம்மையைப் பார்த்தாள். கையில் எடுத்தாள். காதைத் தொட்டாள். அடியில் இருந்த தொந்தியை அமுக்கினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். திரும்பவும் பொம்மையைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல விரிந்தது.

“ஐ! குழாய் மாமா!” என்றாள்.

பொறுப்பாளர் பதிவேட்டிலிருந்து தலை நிமிர்ந்தார்.

“யாரு?” என்றாள் இவள்.

“இவருதான். குழாய் மாமா. காது பாருங்க” என்று சுண்டு விரலால் காட்டினாள்.

எல்லாரும் அவருடைய காதைப் பார்த்தார்கள். நன்றாக வட்டமாக, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காது. வேலைக்குப் போடும் அதே பச்சை உடுப்பைத்தான் அன்றும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு பொம்மையின் வயிற்றைப் பார்த்தார்.

“அடப்பாவமே” என்றார்.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள், முடியவில்லை. தரையில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பொறுப்பாளர் பதிவேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“அப்ப மேல இருக்கறது காம்பு இல்லையா?” என்று கேட்டார் அவர் பரிதாபமாக.

“பென்சில். காதுல வச்சிருந்தீங்கல்ல? எனக்குக் காதுல வரைய வரல, அதான் மேல போட்டேன்.”

“அந்த நீலம்?”

“குழாய்ல இருந்து சொட்டுச்சே!” இதுகூடத் தெரியாதா என்பதுபோலச் சொன்னாள் சுண்டு.

சிரித்து ஓய்ந்தபோது இவளுக்கு உள்ளே லேசாகச் சுருக்கென்றது. மூன்று வாரம் கண்ணி எண்ணினது இவள். பிள்ளை மனதில் பதிந்திருப்பது அவர். தன்னைப் பார்க்கக்கூட இல்லையே என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததற்கே வெட்கமாகவும் இருந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று, “மாமாவை வரைஞ்சுட்டு என்கிட்ட ஏன் குடுத்த?” என்று கேட்டாள்.

சுண்டு பொம்மையின் பொத்தான் கண்ணைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “அவரு குழாய்க்குள்ள போயிட்டாரு. நீங்க மட்டும் தனியா உக்காந்திருந்தீங்க. அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு உங்களுக்கு. அதான்.”

அன்று இந்தப் பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று வீடு போய்ச் சேரும்வரை இவள் புலம்பியிருந்தாள். பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

“உங்களுக்கு ஒண்ணு பண்ணலையா?” என்று கேட்டாள் சுண்டு.

“நான் என்ன பழம்?”

சுண்டு எழுந்து நின்றாள். இவளையும் எழுந்து நிற்கச் சொன்னாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அண்ணாந்து, தலை முதல் கால் வரை அளந்தாள். தையல்காரர்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்கமாட்டார்.

“வாழைப்பழம். வாழைப்பழ ஒட்டகச்சிவிங்கி.”

இப்போது சிரிப்பது அவர் முறை. நாற்காலியே கிறீச்சிட்டது.

மூன்றாவது சந்திப்புக்குள் ஒட்டகச்சிவிங்கியை முடிக்க வேண்டும். மஞ்சள் நூல் வந்தது. டயர்காரர் விஷயம் கேட்டு, “நீங்க வாழைப்பழமாக்கா? சின்னப் புள்ளைக்குக் கண்ணு கூர்மைதான்” என்று சொல்லிவிட்டு நாலு அடி தள்ளி நின்றுகொண்டார். பொம்மையின் கழுத்துதான் பாடாய்ப் படுத்தியது. எவ்வளவு பஞ்சு அடைத்தாலும், தலையைத் தைத்ததும் தூங்கி விழுகிறவரைப் போலத் தொங்கியது. அவர் பார்த்தார். பேசாமல் போய்த் தன் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு சாண் ரப்பர் குழாயை வெட்டிக் கொண்டுவந்தார். “உள்ள இதைச் சொருகு” என்றார். ஒட்டகச்சிவிங்கி நிமிர்ந்து நின்றது. “உன் கழுத்தை நிமித்தி வைக்க நான்தான் வேணும்” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே திரிந்தார்.

மூன்றாவது சந்திப்பில் சுண்டு ஒட்டகச்சிவிங்கியை வாங்கிக்கொண்டு, பேரிக்கரடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். “வீட்டுக்குப் போகலாமாம்மா?” என்று பொறுப்பாளர் கேட்டதற்குத் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அவ்வளவு சுலபமாக இல்லை. சுண்டு தன் துணிப்பையை வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். செருப்பைக் கழற்றமாட்டேன் என்றாள். சூப்பில் இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்றாள். படுக்கையை அவளுக்காக எவ்வளவோ ஆசையாகப் போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில், யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோலச் சுருண்டு படுத்தாள். கணவனும் மனைவியும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டார்கள்.

“பையை எடுத்து உள்ள வைக்கட்டுமா?” என்று கேட்டார் அவர்.

“வேண்டாங்க. அவளா எடுக்கட்டும்.”

மனைவிக்கு ஒரு மாதம் விடுப்பு. மறுநாள் காலை நூலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், சும்மா. சுண்டு செருப்புக் காலோடு பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் ஊசியையே பார்த்தாள்.

“எனக்கு?”

“உனக்கு என்ன பழம் வேணும் சொல்லு, பண்ணித் தரேன்.”

“நான் பண்ணணும்.”

சங்கிலிக் கண்ணி போடக் காட்டிக் கொடுத்தாள். நூலை ஊசியில் சுற்று, இழு, மறுபடி சுற்று, இழு. சுண்டு நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். நிறுத்தவில்லை. சிவப்புச் சங்கிலி மடியிலிருந்து இறங்கியது, நாற்காலியைச் சுற்றியது, சமையலறையைத் தாண்டியது. மத்தியானம் அவர் வேலையிலிருந்து வந்தபோது அது வாசலைத் தொட்டிருந்தது. தாண்டி வரக் காலைத் தூக்கினார்.

“இது என்ன மிருகம்?” என்று கேட்டார்.

“பாம்பு.”

“சரி. என்ன பழம்?”

சுண்டு சங்கிலியை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னும் பழுக்கல” என்றாள்.

அவர் அளவு நாடாவை எடுத்தார். தரையில் மண்டியிட்டுப் பாம்பை அளந்தார். பதினோரு மீட்டர் நாற்பது. “நம்ம வீட்டுலயே நீளமான ஆள் இதுதான். இனிமே உன்னை யாரும் ஒட்டகச்சிவிங்கின்னு சொல்ல முடியாது” என்றார் மனைவியிடம். சுண்டு கலகலவென்று சிரித்தாள். பாம்பைச் சுருட்டி வைக்க இடம் தேடினாள். வாசலில் இருந்த துணிப்பைதான் கண்ணில் பட்டது. அதிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டு, பாம்பைப் பைக்குள் அடைத்தாள். செருப்பு இடைஞ்சலாக இருந்தது. கழற்றி வீசினாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகலில் அதிகாரி வந்தார். கையில் கோப்பு, மூக்கில் மெல்லிய கண்ணாடி, அதிகம் பேசாத பெண்மணி. அறைகளைப் பார்த்தார். பள்ளிக்கூடப் புத்தகங்களைப் பார்த்தார். “பிள்ளையோட கொஞ்சம் தனியாப் பேசணும்” என்றார். கணவனும் மனைவியும் சமையலறைக்குள் போனார்கள். அவர் சும்மா நிற்க முடியாமல், நன்றாக இருந்த குழாயைக் கழற்ற ஆரம்பித்தார்.

கூடத்தில் சுண்டு ஒரு ஆரஞ்சுக் கோழியின் வயிற்றைப் பின்னிக்கொண்டிருந்தாள். அதிகாரி எதிரில் உட்கார்ந்தார்.

“இங்க இருக்க உனக்குப் பிடிச்சிருக்காம்மா?”

“இப்பப் பேச்சுக் குடுக்காதீங்க. எண்ணிக்கை விட்டுடும்” என்றாள் சுண்டு நிமிராமலே. “பதினேழு... பதினெட்டு...”

அதிகாரி வாயை மூடிக்கொண்டார். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு முப்பது கண்ணியும் முடியும்வரை பொறுமையாக இருந்தார். சுண்டு காகிதக் கிளிப்பைக் கழற்றிப் புது இடத்தில் மாட்டினாள்.

“இப்ப சொல்லுங்க. என்ன கேட்டீங்க?”

அதிகாரி அலமாரியைப் பார்த்தார். சாய்ந்து உட்கார்ந்திருந்த பச்சைப் பொம்மையையும், அதன்மேல் கழுத்தை வைத்துக்கொண்டிருந்த மஞ்சள் பொம்மையையும் பார்த்தார். கோப்பைத் திறந்து ஏதோ எழுதினார்.

“ஒண்ணுமில்ல. ஒரு டீ கிடைக்குமான்னு கேட்டேன்.”

சுண்டு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: “அம்மா! இவங்களுக்கு டீ வேணுமாம்!”

அதுவரை அவள் இவளை அத்தை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அத்தை, குழாய் மாமா. யாரும் மாற்றச் சொன்னதில்லை.

சமையலறையில் ஏதோ இரும்பு தரையில் விழுந்தது. அதைத் தொடர்ந்து தண்ணீர் பீச்சியடிக்கும் சத்தம், “மூடுங்க, மூடுங்க!” என்று அவள் குரல், “எதைப் பிடிச்சு மூடுறது, ஸ்பானர் எங்க?” என்று அவர் குரல். சுண்டு கோழியைப் போட்டுவிட்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் தலைமுதல் கால்வரை நனைந்து வெளியே வந்தார்கள். மனைவியின் கையில் டீக் கோப்பை. அவள் முகத்தில் வழிந்ததில் குழாய்த் தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாள். அதிகாரி கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டார்.